26 வருஷ சர்வீஸ், மேஜை நிறைய பெண்டிங்: இவரை வேலையை விட்டு அனுப்ப முடியுமா?

கேள்வி:

வணக்கம் சார். திருச்சி பக்கம் ஒரு மத்திய அரசு ஆபீஸ்ல போன ஜூன் மாசம் ப்ரமோஷன்ல ஆபீஸ் சூப்பிரண்டென்டா வந்தேன். என் செக்‌ஷன்ல 5 பேர். அதுல ஒருத்தர் யூடிசி (அப்பர் டிவிஷன் கிளார்க்), வயசு 53, சர்வீஸ் 26 வருஷம். காலையில 11 மணிக்கு வருவார், கம்ப்யூட்டரை ஆன் பண்ணி வெச்சிட்டு கேன்டீன் போயிடுவார். ஒரு ஃபேமிலி பென்ஷன் கேஸ் நாலு மாசமா அவர் லாகின்லயே கிடந்துச்சு, அந்தம்மா துறையூர்ல இருந்து பஸ் பிடிச்சு வந்து வந்து திரும்பிப் போறாங்க. அவர் வேலையை மத்த நாலு பேர்தான் பார்க்கிறாங்க, அவங்களும் இப்போ வெறுத்துப் போயிருக்காங்க. ஹெட் ஆபீஸ்ல சொன்னா "அவரை ஒண்ணும் பண்ண முடியாதும்மா, யூனியன்ல வேற இருக்காரு, வம்பு எதுக்கு, ட்ரான்ஸ்ஃபர் வேணா போட்டுடலாம்"னு சொல்றாங்க. ப்ரைவேட்ல இப்படி இருந்தா மூணு மாசத்துல அனுப்பிடுவாங்க. இங்க நிஜமாவே ஒண்ணும் பண்ண முடியாதா? 56(ஜே), அதாவது கட்டாய ரிடையர்மென்ட், போட முடியுமா? ஏபிஏஆர்ல, அதாவது வருஷாந்திர வேலை மதிப்பீட்டு அறிக்கையில, மார்க் குறைச்சா எனக்கு ஏதாவது பிரச்சினை வருமா?

பதில்:

வணக்கம் மேடம். உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். ஒண்ணும் பண்ண முடியாதுன்னு உங்க ஹெட் ஆபீஸ் சொன்னது தப்பு. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி ஒரு ஆர்டர்ல அனுப்பிடவும் முடியாது. சென்னை கேட்-ல, அதாவது மத்திய நிர்வாக தீர்ப்பாயத்துல, வேலை போனவங்க பக்கமும் டிபார்ட்மென்ட் பக்கமும் நின்னு வாதாடினதுல நான் திரும்பத் திரும்ப பார்த்த விஷயம் ஒண்ணுதான். டிபார்ட்மென்ட் தோக்கிறது சட்டம் கடுமையா இருக்கிறதால இல்ல, ஃபைல்ல ஒண்ணுமே எழுதாம இருக்கிறதால. வேலை பார்க்காத ஒருத்தரோட 20 வருஷ ரெக்கார்டை ஜட்ஜ் புரட்டிப் பார்த்தா எல்லா வருஷமும் "வெரி குட்"னு இருக்கும், ஒரு மெமோ கூட இருக்காது, அப்புறம் திடீர்னு ஒரு நாள் இவர் லாயக்கில்லைன்னு ஒரு ஆர்டர் இருக்கும். எந்த ஜட்ஜ் அதை ஏத்துப்பாரு சொல்லுங்க.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். அரசியல் சட்டம் 310-ல அரசு ஊழியர் ஜனாதிபதியோ கவர்னரோ விரும்புற வரைக்கும்தான் பதவியில இருக்கார்னு இருக்கு, ஆனா அடுத்ததா வர்ற 311 அதுக்கு கடிவாளம் போடுது. அவரை அப்பாயின்ட் பண்ண அதிகாரிக்கு கீழ இருக்கிறவங்க டிஸ்மிஸ் பண்ணக்கூடாது, குற்றச்சாட்டு என்னன்னு சொல்லி, அவர் பதில் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுத்து, விசாரணை நடத்தாம டிஸ்மிஸ்ஸோ ரிமூவலோ பதவிக் குறைப்போ செய்யக்கூடாது. கிரிமினல் கேஸ்ல தண்டனை ஆனவங்க, விசாரணையே நடத்த முடியாத சூழ்நிலை, நாட்டோட பாதுகாப்பு, இந்த மூணுக்கு மட்டும்தான் விலக்கு. உங்க யூடிசி இந்த மூணுலயும் வரமாட்டார். அதனால அவரை அனுப்பணும்னா விசாரணை வேணும், விசாரணைக்கு குற்றச்சாட்டு வேணும், குற்றச்சாட்டுக்கு தேதியோட ஆதாரம் வேணும்.

இந்தப் பாதுகாப்பு எதுக்குன்னு நிறைய பேர் கோபமா கேட்கிறாங்க, உங்க லெட்டர்லயும் அந்தக் கோபம் தெரியுது. இது சோம்பேறிகளுக்காக எழுதினது இல்ல மேடம். ஒரு டெண்டர்ல கையெழுத்து போட மாட்டேன்னு சொல்ற இன்ஜினியரையும், பெரிய இடத்து ஆள் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்புற இன்ஸ்பெக்டரையும் மறுநாளே வீட்டுக்கு அனுப்ப முடியாம இருக்கிறது இதனாலதான். அந்த மாதிரி ஆளுங்க கேஸை நான் எடுத்து நடத்தியிருக்கேன், 311 இல்லைன்னா அவங்க ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டாங்க. ப்ரைவேட்டோட ஒப்பிடும்போது இதை மனசுல வெச்சுக்கோங்க, அங்க மூணு மாசத்துல அனுப்புறதுல எத்தனை பேர் மேனேஜருக்குப் பிடிக்காததால போனாங்கன்னு யாரும் கணக்கு எடுக்கிறது இல்ல.

இப்போ உங்க கேஸ்ல முக்கியமான கேள்வி, சரியா வேலை பார்க்காம இருக்கிறது ஒரு குற்றமா? இதுல சுப்ரீம் கோர்ட் 1979-ல ஜே.அகமதுன்னு ஒருத்தர் கேஸ்ல தெளிவா சொல்லியிருக்கு. அவர் அசாம்ல நவ்காங் மாவட்டத்துல டெபுடி கமிஷனரா இருந்தவர், 1960-ல அங்க மொழிக் கலவரம் வந்தப்போ அவர் சரியா சமாளிக்கல, முன்னாடி நின்னு நடத்தல, திறமை இல்லைன்னு சார்ஜ் போட்டாங்க. கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, திறமைக்குறைவு வேற, ஒழுங்கீனம் வேற, ஒருத்தர்கிட்ட உயர்ந்த தரத்துல வேலை வரலைங்கிறது மட்டுமே ஒழுங்கீனம் ஆகாது, ஆனா அலட்சியம் ரொம்ப அதிகமா இருந்தாலோ அதனால சரிசெய்ய முடியாத விளைவு வந்தாலோ அது வேற விஷயம்னு சொல்லுச்சு. இதோட மத்திய அரசு நடத்தை விதிகள் 1964-ல ரூல் 3-ஐயும் சேர்த்துப் படிக்கணும். கொடுத்த வேலையை கொடுத்த நேரத்துல, எதிர்பார்க்கிற தரத்துல முடிக்காம இருக்கிறதை வழக்கமாவே வெச்சிருந்தா அவருக்கு கடமையில ஈடுபாடு இல்லைன்னே எடுத்துக்கலாம்னு அதுல விளக்கம் இருக்கு. அந்த "வழக்கமா"ங்கிறதை நிரூபிக்கிறதுதான் உங்க வேலை. ஒரு ஃபைல் லேட் ஆனதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, 12 மாசம் தொடர்ந்து லேட் ஆச்சுன்னு காட்டினா பண்ண முடியும்.

ஆனா அதுக்கு முன்னாடி உங்களுக்கே ஒரு பதில் தெரியணும். அவரால முடியலையா, இல்ல செய்ய மனசில்லையா? லெட்டர்ல கம்ப்யூட்டர் ஆன் பண்ணி வெச்சிட்டு எழுந்து போயிடுவார்னு எழுதியிருக்கீங்க. 53 வயசு ஆள், பேப்பர் ஃபைல்லயே 20 வருஷம் நோட்டு போட்டு பழகினவர், இ-ஆபீஸ் வந்தப்போ ஒரு நாள் ட்ரெய்னிங்ல எல்லாரையும் உட்கார வெச்சு ஸ்லைடு காட்டி அனுப்பிட்டாங்கன்னா அவருக்கு டிராஃப்ட் எப்படி அப்ரூவலுக்கு அனுப்புறதுன்னே தெரியாம இருக்கலாம், அதை சின்னப் பசங்ககிட்ட கேட்க கூச்சப்பட்டுட்டு கேன்டீன் போறாரோ என்னமோ. இது நான் கற்பனை பண்ணி சொல்றது இல்ல, சார்ஜ் ஷீட் வாங்கின பிறகு என்கிட்ட வந்து இதைச் சொன்னவங்க இருக்காங்க, முன்னாடியே சொல்லியிருந்தா அந்த சார்ஜ் ஷீட்டே வந்திருக்காது. ஒரு சாயங்காலம் கதவைச் சாத்திட்டு அவர்கூட உட்காருங்க. திட்டாதீங்க. "சார், இந்த ஃபைலை நாம ரெண்டு பேரும் சேர்ந்து முடிப்போம், நீங்க பண்ணுங்க நான் பார்க்கிறேன்"னு சொல்லுங்க. 10 நிமிஷத்துல உங்களுக்கே தெரிஞ்சிடும். தெரியாம இருந்தா ஐகாட் கர்மயோகிங்கிற அரசோட ஆன்லைன் பயிற்சித் தளத்துல கோர்ஸ் இருக்கு, இல்ல பக்கத்து சீட் பையனை ஒரு வாரம் கூட உட்கார வைங்க, அதை ஒரு நோட்டா ஃபைல்ல எழுதி வைங்க. பின்னாடி விசாரணை வந்தா "எனக்கு யாரும் சொல்லித் தரல"ங்கிற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகும்.

உடம்பு, மனசு விஷயத்தையும் கேளுங்க, ஆனா மரியாதையா. சுகர், பக்கவாதம், டிப்ரெஷன், குடி இப்படி எதுவா வேணா இருக்கலாம். 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பிரிவு 20 என்ன சொல்லுதுன்னா, வேலையில இருக்கும்போது ஒருத்தருக்கு ஊனம் வந்தா அதைக் காரணம் காட்டி அரசு நிறுவனம் அவரை வேலையை விட்டு எடுக்கக்கூடாது, பதவியும் குறைக்கக்கூடாது, அந்த வேலைக்கு அவர் ஒத்துவரலைன்னா அதே சம்பளத்துல வேற வேலைக்கு மாத்தணும். மனநோயும் அந்தச் சட்டத்துல வருது. இதைத் தெரியாம நீங்க நடவடிக்கை எடுத்து பின்னாடி மெடிக்கல் சர்டிபிகேட்டோட அவர் கேட்-க்குப் போனா மொத்த கேஸும் கவுந்துடும், அதை விட முக்கியம், உடம்பு சரியில்லாத ஒரு மனுஷனை சோம்பேறின்னு எழுதி வெச்ச பாவம் நமக்கு வேண்டாம்.

சரி, ட்ரெய்னிங்கும் கொடுத்தாச்சு, உடம்பும் நல்லாதான் இருக்கு, ஆனாலும் வேலை நடக்கலை. அப்போ எழுத ஆரம்பிங்க. முதல்ல யார் யாருக்கு எந்த சீட், எந்தெந்த சப்ஜெக்ட்னு ஒரு ஆபீஸ் ஆர்டர் போட்டு அஞ்சு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க, ஏன்னா "அது என் வேலையே இல்ல"ங்கிறதுதான் எல்லா சார்ஜ் ஷீட்டுக்கும் வர்ற முதல் பதில். வேலையை சமமா பிரிச்சிருக்கீங்களான்னும் பாருங்க, அவர்கிட்ட மட்டும் கஷ்டமான சப்ஜெக்ட் குவிஞ்சிருந்தா உங்க புள்ளிவிவரம் நிக்காது. அப்புறம் மாசா மாசம் பெண்டிங் ஸ்டேட்மென்ட். இது புதுசா நீங்க கண்டுபிடிக்கிறது இல்ல, ஆபீஸ் ப்ரொசீஜர் மேனுவல்லயே வாராந்திர அரியர் ஸ்டேட்மென்ட்டும் மாசாந்திர பெண்டிங் ஸ்டேட்மென்ட்டும் இருக்கு, பல ஆபீஸ்ல போன மாச தேதியை மாத்தி அப்படியே காப்பி அடிக்கிறாங்க. உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, இ-ஆபீஸ்ல ஒரு ஃபைல் எந்த லாகின்க்கு எந்தத் தேதி எத்தனை மணிக்கு வந்துச்சு, எப்போ நகர்ந்துச்சுன்னு தானா பதிவாகுது. அஞ்சு பேருக்கும் சேர்த்து எடுங்க, அவருக்கு மட்டும் எடுத்தா பழிவாங்கல்னு சொல்லுவார், அதுல நியாயமும் இருக்கும்.

மெமோ எழுதுறது எப்படின்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், இங்கதான் முக்காவாசி கேஸ் கெட்டுப் போகுது. நான் பார்க்கிற மெமோ எல்லாம் இப்படி இருக்கும்: "தாங்கள் தங்கள் பணியை சரிவர செய்வதில்லை என்பது கவனத்திற்கு வந்துள்ளது, இனி இவ்வாறு நடவாமல் பார்த்துக்கொள்ளவும்." இதுல என்ன வேலை, எந்தத் தேதி, எவ்வளவு லேட், ஒண்ணுமே இல்ல. இதை வெச்சு சார்ஜ் போட்டா குற்றச்சாட்டு தெளிவா இல்லைன்னே அடிச்சிடுவாங்க. அதுக்குப் பதிலா அந்த துறையூர் அம்மாவோட கேஸை எடுத்துக்கோங்க. விண்ணப்பம் எந்தத் தேதி ஆபீஸ்ல டைரி ஆச்சு, எந்தத் தேதி அவர் லாகின்க்கு மார்க் ஆச்சு, அதுல என்ன பண்ணணும், அதாவது சர்வீஸ் புக் பார்த்து ஃபார்ம் தயார் பண்ணி பே அண்ட் அக்கவுன்ட்ஸ் ஆபீசுக்கு அனுப்பணும், அதுக்கு எத்தனை நாள் ஆகும்னு நீங்க டைம் கொடுத்தீங்க, எந்தெந்தத் தேதி ரிமைண்டர் கொடுத்தீங்க, கடைசியில யார் எப்போ முடிச்சாங்க, இதனால அந்தக் குடும்பத்துக்கு எத்தனை மாசம் பென்ஷன் வரல. இவ்வளவும் ஒரு பக்கத்துல வந்துடும். கீழ "இதுக்கு என்ன காரணம்னு 7 நாளுக்குள்ள எழுத்துல பதில் தரவும்"னு முடிங்க. வார்த்தையில கோபம் வேண்டாம், தேதி போதும். அவர் பதில் கொடுத்தா அதை ஒழுங்கா படிச்சு, ஏத்துக்கிட்டீங்களா இல்லையா, ஏன்னு எழுதி வைங்க. அந்த அம்மா கேஸ் இன்னும் முடியலைன்னா மெமோவுக்கு முன்னாடி அதை இன்னிக்கே வேற ஆளுக்கு மாத்தி முடிச்சுக் கொடுத்துடுங்க, ஆதாரத்துக்காக ஒரு விதவையோட பென்ஷனை யாரும் காக்க வைக்கக்கூடாது.

11 மணிக்கு வர்ற விஷயம் இதை விட சுலபம். ஒரு மணி நேரம் வரைக்கும் லேட், மாசத்துக்கு ரெண்டு தடவை வரைக்கும், காரணம் நியாயமா இருந்தா மன்னிக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு லேட்டுக்கும் அரை நாள் கேஷுவல் லீவ் கழிக்கலாம்னு டிஓபிடி (மத்திய பணியாளர் துறை) உத்தரவே இருக்கு. பயோமெட்ரிக் ரிப்போர்ட் எடுங்க, கழிங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரி கழிங்க. லீவ் கணக்கு கரைய ஆரம்பிச்சாலே பாதிப் பேர் 9 மணிக்கு வந்துடறாங்க.

மெமோவுக்கும் அசையலைன்னா அடுத்து சிசிஏ ரூல்ஸ் 1965, அதாவது மத்திய அரசு ஊழியர் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிற விதிகள். நீங்க சூப்பிரண்டென்ட், டிசிப்ளினரி அதாரிட்டி, அதாவது தண்டனை கொடுக்கிற அதிகாரி, வேற ஆள், நீங்க பண்ண வேண்டியது எல்லாத்தையும் இணைச்சு ஒரு ரிப்போர்ட். அவங்க நேரா ரூல் 14-ல மேஜர் பெனால்டிக்குப் போக வேண்டாம்னு என் கருத்து. ரூல் 16-ல மைனர் பெனால்டி, கண்டனம், இல்லன்னா ஒண்ணு ரெண்டு வருஷம் இன்கிரிமென்ட் நிறுத்தம், இதுல ஆரம்பிக்கணும். இதுக்கு முழு விசாரணை கட்டாயம் இல்ல, ஆனா இன்கிரிமென்ட்டை மூணு வருஷத்துக்கு மேல நிறுத்தினாலோ, நிரந்தரமா பாதிக்கிற மாதிரி நிறுத்தினாலோ, பென்ஷனைப் பாதிச்சாலோ விசாரணை நடத்தியே ஆகணும். இப்படிப் படிப்படியா போனதுக்கு அப்புறமும் ஒருத்தர் மாறலைன்னாதான் ரூல் 14. குற்றச்சாட்டு, அதோட விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல்னு நாலு இணைப்போட சார்ஜ் ஷீட், இன்கொயரி ஆபீசர், குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவியா ஒரு டிஃபன்ஸ் அசிஸ்டன்ட், 6 மாசத்துல முடிக்கணும்னு ரூல்லயே இருக்கு. கடைசியில ரிமூவல் வரைக்கும் போகலாம். ரிமூவலுக்கும் டிஸ்மிஸ்ஸலுக்கும் உள்ள வித்தியாசம், ரிமூவல்ல மறுபடி அரசு வேலைக்கு தடை இல்ல, டிஸ்மிஸ்ஸல்ல சாதாரணமா தடை உண்டு. ரெண்டுலயும் பென்ஷன் பறிபோகும், பரிதாபப்பட்டு ஏதாவது அலவன்ஸ் கொடுத்தாதான் உண்டு. 26 வருஷம் உழைச்ச, அதுல முதல் 15 வருஷம் ஒருவேளை நல்லாவே உழைச்ச ஒருத்தரோட குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அடின்னு யோசிச்சுதான் கோர்ட்டும் தண்டனை அளவுக்கு மீறி இருக்கான்னு பார்க்குது. எடுத்த எடுப்புல மெதுவா வேலை பார்த்தார்னு ரிமூவ் பண்ணா நிக்காது.

இனி 56(ஜே). இதைப் பத்திதான் எல்லாரும் கேட்கிறாங்க, வாட்ஸ்அப்ல வர்றதைப் பார்த்து பயப்படுறவங்களும் ஜாஸ்தி. எஃப்ஆர், அதாவது அடிப்படை விதிகள்ல இருக்கிற 56(ஜே), அரசுக்கு பொதுநலன் கருதி ஒருத்தரை முன்கூட்டியே ரிடையர் பண்ற உரிமையைக் கொடுக்குது, 3 மாச நோட்டீஸ் இல்லன்னா 3 மாச சம்பளம் கொடுத்து. குரூப் ஏ, பி-ல 35 வயசுக்கு முன்னாடி சர்வீஸுக்கு வந்தவங்களுக்கு 50 வயசுக்கு மேல, மத்தவங்களுக்கு 55. பழைய பென்ஷன்ல இருக்கிறவங்களுக்கு 30 வருஷ சர்வீஸ் முடிஞ்சாலும் பென்ஷன் ரூல்ஸ் வழியா அதே உரிமை இருக்கு. உங்க யூடிசி குரூப் சி, வயசு 53, சர்வீஸ் 26. அதனால இன்னிக்கு தேதிக்கு அவர் மேல இதைப் போடவே முடியாது. 55 ஆகுறதுக்கு 6 மாசம் முன்னாடி ரெவ்யூ கமிட்டி முன்னாடி அவர் பேர் வரணும், 2020 ஆகஸ்ட் 28-ல வந்த டிஓபிடி உத்தரவுல காலாண்டு வாரியா எப்போ யாரை ரெவ்யூ பண்ணணும்னு அட்டவணையே இருக்கு.

அந்த ரெவ்யூல என்ன பார்ப்பாங்க? நேர்மையில சந்தேகம் இருக்கா, வேலையில பயனில்லாம போயிட்டாரா, இது ரெண்டும். முழு சர்வீஸ் ரெக்கார்டையும் பார்க்கணும், கடைசி வருஷங்களுக்கு எடை அதிகம். அதே உத்தரவுல, பயனில்லைங்கிற காரணத்துக்காக ஒருத்தரை அனுப்பும்போது கடைசி 5 வருஷ சர்வீஸ் திருப்தியா இருந்தா சாதாரணமா அனுப்பக்கூடாது, ரிடையர் ஆக ஒரு வருஷத்துக்குள்ள இருந்தா அனுப்பக்கூடாதுன்னு இருக்கு. இப்போ யோசிங்க மேடம், உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க அவருக்கு ஏபிஏஆர்ல என்ன போட்டிருப்பாங்க? 10-க்கு 7-ஓ 7.5-ஓ போட்டிருந்தா கமிட்டி முன்னாடி அவர் "வெரி குட்" ஊழியர். 11 மணிக்கு வர்றதும் கேன்டீனும் எந்தக் காகிதத்துலயும் கிடையாது.

இதை தண்டனையா கோர்ட் பார்க்கிறது இல்ல, 1954-ல ஷியாம் லால் கேஸ்ல இருந்தே அப்படித்தான். 1992-ல வைகுந்தநாத் தாஸ் கேஸ்ல முன்கூட்டி விளக்கம் கேட்கத் தேவையில்லைன்னும் சொல்லிட்டாங்க. பென்ஷன் உண்டு, மூணு வாரத்துக்குள்ள மேல்முறையீடு மாதிரி ஒரு மனுவும் போடலாம். ஆனா 2001-ல குஜராத்ல ஒரு இன்ஜினியர் உமேத்பாய் படேல் கேஸ்ல, ரகசிய அறிக்கையில ஒரு கெட்ட பதிவு கூட இல்லாதவரை, அவர் மேல இருந்த விசாரணையை முடிக்காம, ரிடையர் பண்ணி அனுப்பினதை சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு. பட்ட மரத்தை வெட்டத்தான் இந்த அதிகாரம், விசாரணையைத் தவிர்க்கிற குறுக்கு வழியா இதைப் பயன்படுத்தக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. 2019 ஜூன்ல வருமான வரித்துறை அதிகாரிகள் 12 பேரையும் அடுத்து கஸ்டம்ஸ் அண்ட் எக்சைஸ் அதிகாரிகள் 15 பேரையும் இதே ரூல்ல அனுப்பினப்போ பேப்பர்ல பெரிய செய்தியா வந்துச்சு, பெரும்பாலும் ஊழல் புகார்கள். எனக்கு இதுல ஒரு ஆதங்கம் உண்டு. ஊழல் பண்ணவனை பென்ஷனோட வீட்டுக்கு அனுப்புறது அவனுக்கு லாபம், அவனுக்கு சார்ஜ் ஷீட்டும் கிரிமினல் கேஸும்தான் சரி. நிஜமாவே வேலையில மங்கிப் போனவங்களுக்கு, குடும்பம் கஷ்டப்படாம பென்ஷனோட கௌரவமா அனுப்புறதுக்குத்தான் 56(ஜே) பொருத்தமானது, ஆனா அந்தக் காரணத்துக்கு அதை எடுக்க பேப்பரே இருக்காது.

அதனாலதான் உங்க ஏபிஏஆர் கேள்வி எல்லாத்தையும் விட முக்கியம். தைரியமா உண்மையை எழுதுங்க. குறைஞ்சது 3 மாசம் அவர் வேலையைப் பார்த்திருந்தா எழுதுற உரிமை உங்களுக்கு உண்டு, ஜூன்ல வந்தீங்க, பிரச்சினையே இல்ல. வேலை முடிச்சதுக்கு 40 சதவீதம், குணநலனுக்கு 30, செயல்திறனுக்கு 30. 6-ல இருந்து 8-க்குள்ள வெரி குட், 4-ல இருந்து 6-க்குள்ள குட், 4-க்குக் கீழ போனா பூஜ்யம்னு கணக்கு. 2016-ல ஏழாவது சம்பளக் கமிஷனுக்கு அப்புறம் எம்ஏசிபி-க்கே, அதாவது ப்ரமோஷன் இல்லாமலே கிடைக்கிற சம்பள உயர்வுக்கே, வெரி குட் வேணும்னு ஆக்கிட்டாங்க, அதனால குட் போட்டாலே அவருக்கு அடுத்த அப்கிரேடேஷன் நிக்கும், அதனாலதான் "பாவம், குடும்பஸ்தன்"னு சொல்லி எல்லாரும் 7 போட்டுட்டு நகர்ந்துடறாங்க. அந்த ஃபைலுக்காகக் காத்திருக்கிறவங்களும் குடும்பஸ்தங்கதான்.

எழுதினதை அவருக்குக் காட்டியே ஆகணும். 2008-ல தேவ் தத் கேஸ்ல, பார்டர் ரோட்ஸ்ல இருந்த ஒரு இன்ஜினியருக்கு ஒரு வருஷம் "குட்" போட்டதை சொல்லாம விட்டு ப்ரமோஷன் போச்சு, கெட்ட பதிவு மட்டும் இல்ல எந்தப் பதிவா இருந்தாலும் தெரிவிக்கணும்னு கோர்ட் சொல்லிட்டு, 2013-ல பெரிய பெஞ்சும் அதை உறுதிப்படுத்திடுச்சு. அவருக்கு 15 நாள் டைம், அப்பீல் பண்ணலாம். உங்க மார்க்குக்குப் பின்னாடி மாசாந்திர ஸ்டேட்மென்ட்டும் மெமோவும் பதிலும் இருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பிரச்சினை வர்றது வருஷம் பூரா சும்மா இருந்துட்டு மார்ச்ல திடீர்னு 3.5 போடுறவங்களுக்குத்தான். அவர் நல்லா பண்ண விஷயத்தையும் எழுதுங்க, ஒருவேளை பழைய ரூல் எல்லாம் அத்துபடியா இருக்கலாம், ஆடிட் அப்ஜெக்‌ஷனுக்கு பதில் எழுதுறதுல கெட்டிக்காரரா இருக்கலாம். அதை மறைச்சா உங்க மேலதான் சந்தேகம் வரும்.

யூனியன் விஷயம், பெருசா எடுத்துக்காதீங்க. முதல் மெமோவுக்கு முன்னாடியே செயலாளரைக் கூப்பிட்டு பெண்டிங் ஸ்டேட்மென்ட்டைக் காட்டி "இவருக்கு நீங்களும் சொல்லுங்க"ன்னு சொல்லுங்க. கூட வேலை பார்க்கிற மத்த நாலு பேரும் அதே யூனியன்லதான் இருப்பாங்க, அவங்க சுமையும் செயலாளருக்குத் தெரியும். உங்க மேல பதிலுக்கு புகார் வந்தா பயப்படாதீங்க, வந்த அன்னிக்கே மேலதிகாரிக்கு எழுத்துல தெரிவிச்சுடுங்க. அவர்கூட தனியா பேசுறப்போ ஜாதி, குடும்பம், குணம் எதைப் பத்தியும் ஒரு வார்த்தை வரக்கூடாது, ஃபைலைப் பத்தி மட்டும் பேசுங்க.

கடைசியா ட்ரான்ஸ்ஃபர். உங்க ஹெட் ஆபீஸ் சொல்றது சுலபமான வழி, ஆனா அவர் உங்ககிட்ட வந்ததே இப்படி யாரோ ட்ரான்ஸ்ஃபர் போட்டுத்தான் இருக்கும், அவர் சர்வீஸ் புக்கை எடுத்து எந்தெந்த ஆபீஸ்ல எத்தனை வருஷம் இருந்தார்னு பாருங்க. பொதுமக்கள் நேரா வராத ஒரு சீட்டுக்கு, அவருக்குத் தெரிஞ்ச வேலைக்கு செக்‌ஷனுக்குள்ளயே மாத்திப் பாருங்க, அது வேற. அடுத்த ஊர்ல இருக்கிற சூப்பிரண்டென்ட் தலையில கட்டுறதுக்கு மட்டும் நீங்க கையெழுத்து போடாதீங்க. இந்த மாச பெண்டிங் ஸ்டேட்மென்ட்ல இருந்து ஆரம்பிங்க, ஆறு மாச ஸ்டேட்மென்ட்டும் ரெண்டு மெமோவும் அவர் கொடுத்த பதிலும் சேர்ந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்க, ரூல் 16 ரிப்போர்ட்டை எப்படி எழுதுறதுன்னு பார்ப்போம். அதுக்குள்ள அவர் வேலையில கொஞ்சம் முன்னேற்றம் தெரிஞ்சா அதையும் ஒரு மெமோவா எழுதி அவர் கையில கொடுங்க.